ஓவரோல் செய்த எஞ்சினை நெடுநாள் பாதுகாத்தல்

காணிக்குத் திரும்பும் நாள் தெரியாத நிலையில், இரு சக்கர உழவு இயந்திரத்தின் எஞ்சினை ஓவரோல் செய்வித்து, பூட்டாமல் உறவினர் வளவில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. கடன்பட்டுப் போட்ட புதிய றிங்கும் பெயாரிங்கும் ஒரு சால் உழாமலே துருவுக்கு இரையாகலாம். இதைத் தடுக்க அதிக செலவு இல்லை.

துரு எப்படி வருகிறது?

குளிர்நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். இரவில் குளிர்ந்த எஞ்சினுக்குள் காலையில் ஈரக்காற்று புகுந்தால் அதன் உட்சுவரும் அவ்வாறே வியர்க்கும். பூட்டும்போது பூசிய ஒயில் நாளடைவில் கீழே வடிந்துவிடும். மாரியிலும் கடற்கரையோரத்திலும் துரு விரைவாகப் பிடிக்கும்.

செய்ய வேண்டியவை

1. எஞ்சினை ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த ஒயிலை வடித்து, புதிய ஒயிலை அளவுக்கு விடுங்கள். ஓடிய ஒயிலில் அமிலமும் நீரும் சேர்ந்திருக்கும்.

2. குளிராக்கும் தண்ணீரையும் தாங்கியிலுள்ள டீசலையும் முற்றாக வடியுங்கள்.

3. காற்று உட்செல்லும் வாயினூடாக ஒரு மேசைக்கரண்டி சுத்தமான எஞ்சின் ஒயில் விட்டு, கையால் மெதுவாகப் பல சுற்றுச் சுற்றுங்கள்.

4. சுற்றும் கை இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக்காற்று சிலிண்டருக்குள் இலகுவில் புகாது.

5. காற்று வாய், புகை வாய், டீசல் குழாய் முனைகளை ஒயில் தோய்த்த துணியால் அடைத்து, மேலே பொலித்தீன் கட்டுங்கள். திறந்த வாயில் குளவி கூடு கட்டும். அடைத்த இடங்களை ஒரு மட்டையில் எழுதி எஞ்சினில் கட்டிவிடுங்கள். நாளை அதைப் பூட்டுபவர் வேறொருவராக இருக்கலாம்.

6. மண் தரையில் வைக்காது பலகைமேல் வையுங்கள். உரமூடை, உப்பு, பற்றரி, மாட்டுக்கொட்டில் அருகே வேண்டாம். தறப்பாளால் மூடும்போது அடியில் காற்றோட்டம் விடுங்கள்.

ஒரு தவறான பழக்கம்

கிழமைக்கொரு தடவை சில நிமிடம் ஸ்ராட் செய்து வைப்பது நல்லதெனப் பலர் எண்ணுகின்றனர். எஞ்சின் நன்கு சூடேறுமுன் நிறுத்தினால் எரிதலில் உண்டாகும் நீர் உள்ளேயே தங்கிவிடும். பாரமின்றி ஓடும் புதிய றிங் சிலிண்டரில் சரியாகப் படியாது. அதற்குப் பதிலாக மாதமொருமுறை சிறிது ஒயில் விட்டு, கையால் சுற்றி, மீண்டும் இறுகும் இடத்தில் நிறுத்தி, வாய்களை அடையுங்கள்.

பூட்டும்போது

மட்டையைப் பார்த்து எல்லாத் துணிகளையும் எடுங்கள். ஒரு வருடம் கடந்திருந்தால் ஒயிலை மாற்றுங்கள். டீசலைத் திறக்காமல் கையால் பல தடவை சுற்றுங்கள்; உள்ளே நின்ற ஒயில் வெளியேறும், புதிய ஒயில் பெயாரிங்குகளுக்கு ஏறும். அதன் பின்னரே ஸ்ராட் செய்யுங்கள்.

கலந்துரையாடுவோம்

• எமது கிராமத்தில் ஓடாமல் கிடக்கும் எஞ்சின்கள் எத்தனை? அவற்றின் வாய்கள் அடைக்கப்பட்டுள்ளனவா?

• பல குடும்பங்களின் எஞ்சின்களை ஒரே கொட்டிலில் வைத்து, மாதந்தோறும் பார்ப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாமா?