பேரப்பிள்ளை விமானியாக விரும்புகிறாரா? பணம் கட்டும் முன் பரிசோதனை



செலாயாங் வட்டாரத்தில் வாழும் உங்களில் பலருக்குப் பழைய சுபாங் விமான நிலையம் நன்றாக நினைவிருக்கும். 1998இல் சிப்பாங்கில் புதிய விமான நிலையம் திறக்கப்படும் வரை, உறவினரை வழியனுப்பக் குடும்பத்தோடு சென்றது அங்குதான். மாடத்தில் நின்று கையசைத்த அதே குடும்பங்களில், இன்று பேரனோ பேத்தியோ “நான் விமானி ஆகப் போகிறேன்” என்று சொல்கிறார்கள்.

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் விமானிப் பயிற்சிக்குச் சில லட்சம் ரிங்கிட் செலவாகும். பல வீடுகளில் அந்தப் பணத்தில் ஒரு பகுதி தாத்தா பாட்டியின் ஊழியர் சேமநிதியிலிருந்தும் நகையிலிருந்தும் வருகிறது. பணத்தைக் கட்டிய பிறகு பிள்ளை மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை என்றால், கனவும் போகும், முதுமைக்கு வைத்திருந்த சேமிப்பும் போகும்.

ஆகவே இந்தக் கையேட்டின் முதல் பாடம் இதுதான்: முதலில் பரிசோதனை, பிறகு கட்டணம். இரண்டாவது பாடம்: பரிசோதனைக்கு முன், குடும்பத்தில் உள்ள நோய்களைப் பெரியவர்கள் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எந்தப் பரிசோதனை? யார் செய்வது?

விமானப் பணிக்கான மருத்துவச் சான்றிதழ் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சம்பளத்துக்கு விமானம் ஓட்டுபவருக்கு முதல் வகுப்பு. பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு இரண்டாம் வகுப்பு. விமானப் போக்குவரத்தைத் தரையிலிருந்து கட்டுப்படுத்துபவருக்கு மூன்றாம் வகுப்பு. உங்கள் பேரப்பிள்ளைக்குத் தேவைப்படுவது முதல் வகுப்புச் சான்றிதழ்.

மலேசியாவில் இது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. அந்த ஆணையம் அங்கீகரித்த மருத்துவரே பரிசோதனை செய்ய வேண்டும். பக்கத்து கிளினிக் மருத்துவரோ, அரசு சுகாதாரக் கிளினிக் மருத்துவரோ இந்தச் சான்றிதழைத் தர முடியாது. ஆனால் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை போன்றவற்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள சுகாதாரக் கிளினிக் பெரிதும் உதவும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இது ஒரு முறை தேறினால் முடிந்துவிடும் தேர்வு அல்ல. அனைத்துலக விதிப்படி முதல் வகுப்புச் சான்றிதழ் பொதுவாக 12 மாதங்களுக்குச் செல்லும். 60 வயதுக்குப் பிறகு 6 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரண்டு விமானிகள் ஓட்டும் அனைத்துலகப் பயணிகள் விமானத்தில் 65 வயது வரை பணியாற்றலாம். அதாவது, 20 வயதில் தேறும் பிள்ளை இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டுதோறும் தேறிக்கொண்டே இருக்க வேண்டும்.

எவற்றைப் பார்க்கிறார்கள்?

கண்: தூரப் பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9 அல்லது அதைவிட நன்றாக இருக்க வேண்டும். நல்ல பார்வை உள்ளவர் 9 மீட்டரில் வாசிக்கும் எழுத்தை, இவர் 6 மீட்டரிலாவது வாசிக்க வேண்டும் என்பது இதன் பொருள். இரண்டு கண்ணாலும் சேர்ந்து பார்க்கும்போது 6/6 தேவை. கண்ணாடி போட்டு இந்த அளவை எட்டினாலும் போதும். “கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது” என்று பலர் சொல்வது தவறு.

காது: ஒலி அறையில் காதுக்கருவி மாட்டி, ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் கேட்கும் திறன் இழப்பு 35 டெசிபலுக்கு மேல் இருக்கக் கூடாது. 3000 ஹெர்ட்ஸில் 50 டெசிபலுக்கு மேல் இருக்கக் கூடாது.

இதயம்: முதல் பரிசோதனையிலேயே இசிஜி எடுப்பார்கள். 50 வயதுக்கு மேல் அது ஆண்டுதோறும் எடுக்கப்படும். இரத்த அழுத்தமும் பார்க்கப்படும்.

இவற்றோடு நுரையீரல், சிறுநீர், நரம்பு, மனநலம் ஆகியவையும் பார்க்கப்படும். தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கேட்கப்படும்.

தாத்தாவின் கண், பேரனின் கண்

பணம் கட்டும் முன் பரிசோதனை என்று வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் நிறப் பார்வை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்கள் நன்றாகப் படிப்பார்கள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவார்கள். குறை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டையைக் காட்டும்போதுதான் அது வெளிப்படும். அந்த அட்டைகளை ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917இல் வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அவையே முதல் சோதனையாகப் பயன்படுகின்றன.

இந்தக் குறை குடும்பத்தில் வரும் வழி சற்று விசித்திரமானது. செலாயாங் பாருவில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும். அவருடைய மகள்களுக்குப் பொதுவாக அந்தக் குறை தெரியாது. ஆனால் அதற்குக் காரணமான மரபணுவை மகள்கள் அனைவரும் சுமப்பார்கள். அந்த மகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பில் குறை வரலாம். தாத்தாவின் மகன் வழிப் பேரனுக்கோ அது அந்தத் தாத்தாவிடமிருந்து வராது. சுருங்கச் சொன்னால், இது தாய்வழித் தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போகிறது. பாட்டியின் சகோதரர்களுக்கு இக்குறை இருந்தாலும் மகள் வழிப் பேரனுக்கு வரக்கூடும்.

ஆகவே தாத்தாவே, பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் நிறத்தை வைத்துப் பிரிப்பது உங்களுக்கு எப்போதாவது சிரமமாக இருந்ததா? வேலைக்குச் சேரும்போது நிறச் சோதனையில் உங்களைத் திருப்பி அனுப்பினார்களா? அப்படியானால் மகள் வழிப் பேரனிடம் இன்றே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

விமானத்தில் நிறம் ஏன் இவ்வளவு முக்கியம்? இரவில் தரையிறங்கும்போது ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் தெரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் உயரம் சரி. நான்கும் சிவப்பு என்றால் விமானம் மிகத் தாழ்வாக வருகிறது. 2002 ஜூலை 26 அதிகாலை, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள டலஹாசி விமான நிலையத்தில் இறங்க வந்த சரக்கு விமானம் ஒன்று மிகத் தாழ்ந்து, மரங்களில் மோதி விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் பலத்த காயத்துடன் உயிர் தப்பினர். விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் விமானிகளின் களைப்பும் இருந்தது. விமானத்தை ஓட்டி வந்த துணை விமானியின் நிறப் பார்வைக் குறையும் இருந்தது.

அட்டைச் சோதனையில் தவறினால் உடனே எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். விமானப் பணியில் பயன்படும் விளக்கு நிறங்களைச் சரியாக அடையாளம் காண முடிகிறதா என்று வேறு சோதனைகள் செய்யப்படலாம். ஆனால் நிறத்தைத் திருத்துவதாக விற்கப்படும் சிறப்புக் கண்ணாடியை நம்பிப் பணத்தை விடாதீர்கள். அதை அணிந்து இந்தச் சோதனையில் தேற முடியாது.

இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும்

நம் நாட்டில் நீரிழிவு இந்தியர்களிடையே மிக அதிகம். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. தாத்தா, பாட்டி, அப்பா என்று வரிசையாக இருந்தால் பேரப்பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல்.

உணவுக் கட்டுப்பாட்டாலோ, விமானப் பணிக்கு ஏற்ற மாத்திரையாலோ சர்க்கரை அடங்கியிருந்தால் தகுதி கிடைக்கலாம். இன்சுலின் ஊசி தேவைப்படும் நிலையில், அனைத்துலகப் பொதுவிதிப்படி தகுதி கிடைக்காது. சில நாடுகள் மட்டும் கடும் நிபந்தனைகளுடன் அனுமதிக்கின்றன. இரத்தக் கொதிப்புக்கும் இது போன்ற நிலைதான்: அனுமதிக்கப்பட்ட மருந்தால் கட்டுப்பாட்டில் இருந்தால் பறக்கலாம்.

ஆகவே குடும்ப வரலாறு பிள்ளையைத் தடுப்பதற்காகக் கேட்கப்படுவதில்லை. 20 வயதிலேயே இனிப்பு பானத்தைக் குறைக்கவும், எடையைக் கவனிக்கவும் அது எச்சரிக்கை தருகிறது. தொழிலைக் காப்பாற்றும் எச்சரிக்கை அது.

மறைத்தால் என்ன ஆகும்?

சில வீடுகளில் “வலிப்பு வந்ததை வெளியே சொல்லாதே, நாளை கல்யாணப் பேச்சுக்குத் தடையாகும்” என்று மூடி வைப்பது வழக்கம். பிள்ளைக்கு இரண்டு வயதில் நடந்தது அவருக்கே தெரியாது. பாட்டிக்குத்தான் தெரியும். பரிசோதனைப் படிவத்தில் பிள்ளை “இல்லை” என்று எழுதிக் கையொப்பமிடுவார். பின்னாளில் உண்மை தெரிய வந்தால், பொய் அறிவிப்பு என்று சான்றிதழை இழக்க நேரிடும்.

குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு ஒருமுறை வந்த வலிப்பும், பெரியவரான பின் வரும் வலிப்பு நோயும் ஒன்றல்ல. அதைப் பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை. நமது வேலை உள்ளதைச் சொல்வது. இழுப்பு, காதில் சீழ், தலையில் அடிபட்டு மயங்கியது, அறுவைச் சிகிச்சை, மனச்சோர்வுக்கு எடுத்த சிகிச்சை ஆகிய அனைத்தையும் சொல்லுங்கள். சிகிச்சை எடுத்தது குற்றம் அல்ல.

பரிசோதனைக்குத் தயாராவது எப்படி?

ஒரு மாதத்துக்கு முன்:
• பழைய மருத்துவ ஏடுகள், அறுவைச் சிகிச்சைக் கடிதங்கள், கண்ணாடிச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேருங்கள்.
• உண்ணும் மருந்துகளைப் பட்டியல் இடுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து, லேகியம், உடற்பயிற்சிக் கூடத்துப் பொடி ஆகியவற்றையும் எழுதுங்கள்.
• லேசர் கண் சிகிச்சை செய்ய எண்ணினால், முதலில் விமான மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சைக்குப் பிறகு காத்திருக்க வேண்டிய காலம் உண்டு.
• வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அவர் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

முந்திய இரண்டு நாட்களில்:
• உரத்த ஓசையைத் தவிர்க்கவும். பத்துமலையில் உறுமி மேளத்துக்கு அருகில் நின்றவருக்கு மறுநாள் வரை காது மந்தமாக இருக்கலாம். ஹெட்போனுக்கும் அதே நிலைதான்.
• கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீரில் புரதம் தெரியக்கூடும்.
• கசகசா சேர்த்த குருமாவையும் கோடீன் கலந்த இருமல் மருந்தையும் தவிர்க்கவும். சிறுநீரில் போதைப்பொருள் சோதனை இருந்தால், அவை குழப்பம் தரலாம்.
• காண்டாக்ட் லென்ஸ் அணிபவர், அதை எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளவும்.

அன்றைய நாளில்:
• நன்றாகத் தூங்கி எழ வேண்டும். காப்பியும் சிகரெட்டும் இரத்த அழுத்தத்தை ஏற்றும்.
• வெறும் வயிற்றில் வரச் சொன்னார்களா என்று முன்பே உறுதி செய்யவும். தண்ணீர் குடிக்கலாமா என்றும் கேட்கவும்.
• அடையாளக் கார்டு, கண்ணாடி, கோப்பு ஆகியவற்றை மறக்க வேண்டாம்.
• மாதவிலக்கு நாளாக இருந்தால் பேத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.
• சளி, காய்ச்சல் இருந்தால் வேறு நாள் கேட்டு வாங்குவதே நல்லது.

தேறாவிட்டால்?

“தற்காலிகமாகத் தகுதியில்லை” என்பது ஒன்று. “தகுதியில்லை” என்பது வேறு. முதலாவதில் சிகிச்சைக்குப் பின் மீண்டும் போகலாம். எதற்காக நிறுத்தப்பட்டது, அடுத்து என்ன செய்யலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கதவு உண்மையிலேயே மூடினாலும், விமானத் துறையில் வேறு வேலைகள் உள்ளன. ஆனால் அவற்றில் சிலவற்றுக்கும் நிறப் பார்வை தேவை. சேரும் முன் கேளுங்கள். பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். மரபணுவைத் தந்தது தாம்தான் என்று தாத்தாவும் மனம் வருந்த வேண்டாம். கண்ணின் நிறத்தை யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை, இதுவும் அப்படித்தான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. பயிற்சிப் பள்ளி “இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள், பரிசோதனையைப் பிறகு பார்க்கலாம்” என்கிறது. என்ன செய்வீர்கள்?
விடை: முதல் வகுப்புச் சான்றிதழ் கையில் வரும் வரை கட்ட வேண்டாம். பரிசோதனையில் தேறாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

2. அப்பாவின் அப்பாவுக்கு நிறக் குறை. பேரனுக்கு அவரிடமிருந்து வருமா?
விடை: வராது. அம்மாவின் குடும்பத்தைக் கேளுங்கள். அது எப்படியிருந்தாலும் அட்டைச் சோதனை அவசியம்.

3. பேரனுக்குக் குழந்தையில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. சொல்லலாமா?
விடை: சொல்ல வேண்டும். முடிவை மருத்துவர் எடுப்பார்.

இந்த ஏட்டை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேரப்பிள்ளை வரும்போது அருகில் அமர்ந்து, உங்கள் நோய்களையும் உங்கள் பெற்றோரின் நோய்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் விமானி ஆனாலும் ஆகாவிட்டாலும், அந்தத் தாள் அவருக்கு வாழ்நாள் முழுதும் பயன்படும்.