கோடு வயராகுமா?

கேள்வி: மின்கடத்தும் பெயின்ட்டால் தாளில் கோடு போட்டு, வயருக்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா?

பதில்: எல்.இ.டி. எரியும், மோட்டார் ஓடாது. கார்பன் பெயின்ட் கோட்டை வயராக நினைக்காமல் ரெசிஸ்டராகக் கணக்கிட வேண்டும் என்பதே என் கட்சி. லண்டனின் ‘பேர் கண்டக்டிவ்’ பெயின்ட் 50 மைக்ரான் கனத்தில் சதுரத்துக்குச் சுமார் 55 ஓம். 5 மி.மீ. அகலம், 10 செ.மீ. நீளம் என்றால், அகலத்தையே பக்கமாகக் கொண்டு வரிசையாக 20 சதுரங்கள். ஆக 1,100 ஓம். 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 6 மில்லிஆம்பியர் கிடைக்கும், அதற்கு அது போதும். பொம்மை மோட்டாருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். வெள்ளி மை இருக்கிறதே என்பீர்கள். தடை வெகுவாகக் குறையும்தான். விலை கையைக் கடிக்கும், தாளை மடித்தால் அந்தக் கோடும் விரிசல் விடும். கார்பனின் தடை பொருட்டே இல்லாத இடம் தொடு உணரி. விரல் நெருங்கும்போது மாறும் மின்தேக்கத்தை அளக்க மிகச் சிறிய மின்னோட்டம் போதுமாதலால், சுவரில் தீட்டிய பூவே சுவிட்சாகிவிடும். கோட்டின் தடையை அளக்க, முழுக்கக் காய்ந்தபின் மல்டிமீட்டரை வையுங்கள். ஈரத்தில் தடை கூடுதலாகவே காட்டும்.