ஹவுஸ் சர்ஜனா? மருந்துச் சீட்டில் பெயர் எடுங்கள்!

எம்.பி.பி.எஸ். முடித்து வார்டுக்குள் வந்துவிட்டீர்கள். யூனிட் சீஃப் இனி உங்கள் மார்க் ஷீட்டைக் கேட்கப் போவதில்லை. கேஸ் ஷீட்டைத்தான் புரட்டுவார். திருப்பதி ருயா ஆஸ்பத்திரியோ, ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரியோ, ஸ்ரீ சிட்டி பக்கத்து நர்சிங் ஹோமோ, பிழையில்லாமல் மருந்து எழுதுபவருக்குத்தான் அடுத்த பொறுப்பு வரும். இந்த ஆறு பழக்கங்களை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

1. தைரியம் கூடும்போது உஷார்: இங்கிலாந்தில் 19 ஆஸ்பத்திரிகளில் நடந்து, 2009-ல் வெளியானது, மருந்து எழுதுவதில் வரும் பிழைகளைப் பற்றிய எக்விப் ஆய்வு. முதல் வருட டாக்டர்கள் எழுதியதில் 8.4 சதவீதம் பிழை. இரண்டாம் வருடத்தவர் எழுதியதில் 10.3 சதவீதம். கன்சல்டன்ட்களும் தப்பவில்லை, 5.9 சதவீதம். கை பழகிவிட்டது என்று செக் பண்ணுவதை விடாதீர்கள்.

2. ஜெனரிக் பெயர், கேபிடல் எழுத்து: இந்திய மெடிக்கல் கவுன்சில் 2016-லேயே சொன்ன விதி இது. அவசரக் கிறுக்கல் உங்கள் இமேஜையும் கெடுக்கும், நோயாளியையும் கெடுக்கும்.

3. புள்ளியில் கவனம்: ‘1.0’ என்று எழுதினால் 10 ஆகத் தெரியும், ‘.5’ என்றால் 5 ஆகிவிடும். 1 என்றும் 0.5 என்றும் எழுதுங்கள். இன்சுலினுக்கு ‘யூனிட்’ என்பதை முழுதாக எழுதுங்கள். சுருக்கமாகப் போடும் ‘U’ என்ற ஒற்றை எழுத்து பூஜ்யம் போலத் தெரிந்தால் டோஸ் பத்து மடங்காகும்.

4. ஆபத்தான மருந்துகளுக்குத் தனி லிஸ்ட்: மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறைதான். பழக்கதோஷத்தில் ‘தினமும்’ என்று எழுதினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கும், உயிரே போகலாம். ‘வாரம் ஒரு முறை, திங்கள் மட்டும்’ என்று கிழமையோடு எழுதுங்கள். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் எழுதும்போது இரண்டாவது ஆளிடம் காட்டுங்கள்.

5. நோயாளியின் மொழியில் கேளுங்கள்: ஸ்ரீ சிட்டி வட்டாரத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும், வேலைக்கு வந்தவர்கள் இந்தியும் பேசுவார்கள். அலர்ஜி, கிட்னி, கர்ப்பம், குழந்தையின் எடை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை என எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். மாத்திரை பெயர் தெரியாதென்றால் அட்டையையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

6. சந்தேகம் வந்தால் வாயைத் திறவுங்கள்: நைட் டியூட்டியில் சீனியரை எழுப்பத் தயங்காதீர்கள். போனில் வந்த ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். “டாக்டர், இந்த டோஸ் சரியா?” என்று ஸ்டாஃப் நர்ஸ் கேட்டால் முறைக்காதீர்கள், நன்றி சொல்லி மறுபடி பாருங்கள். தப்பு நடந்துவிட்டால் ஷீட்டைத் திருத்தி மறைக்காமல் உடனே சீனியரிடம் சொல்லுங்கள். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது.

நீட் ரேங்க் பி.ஜி. சீட் வாங்கித் தரும். ‘இவர் எழுதினால் நம்பிக் கொடுக்கலாம்’ என்ற பெயரை ஒவ்வொரு சீட்டாக எழுதித்தான் சம்பாதிக்க வேண்டும். இன்றைய டியூட்டியிலேயே தொடங்குங்கள்.