மரக்கறித் தோட்டமும் நாடாப்புழு நோயும்

பன்றியிறைச்சி உண்ணாத எமக்கு நாடாப்புழுவால் யாது கேடு வரும் என எண்ணும் கமக்காரர் பலர் உளர். இவ்வெண்ணத்திற் பாதியே உண்மை.

நன்கு வேகாத பன்றியிறைச்சியில் அரிசிமணி போன்ற சிறு பைகள் இருப்பின், அதை உண்பவரின் சிறுகுடலில் நாடாப்புழு வளரும். அது 2 முதல் 7 மீற்றர் வரை நீண்டு, ஆண்டுக்கணக்கில் வாழக்கூடியது. வயிற்று நோவு முதலியன தோன்றலாம். பலருக்கு யாதொரு துன்பமும் தெரியாது. மாட்டிறைச்சியால் வரும் நாடாப்புழுவின் தீங்கும் பெரும்பாலும் இவ்வளவே.

பன்றி நாடாப்புழுவின் முட்டைகளே கொடியவை. புழுவின் முதிர்ந்த துண்டங்கள் மலத்துடன் கழியும். ஒரு துண்டத்தில் 50,000 முட்டைகள் வரை இருக்கலாம். அவை கண்ணுக்குத் தெரியா. பன்றி அவற்றை விழுங்கினால் அதன் தசையிற் பைகள் உண்டாகும். மனிதர் விழுங்கினால் அவருடைய தசையிலும் கண்ணிலும் மூளையிலும் அவ்வாறே உண்டாகும். மூளையிற் தங்கிய பை, பல ஆண்டுகள் சென்ற பின்னரும் வலிப்பை விளைவிக்கும். வலிப்புக் கண்டவரைப் பேய் பிடித்தவரென்று கருதி நாட்கடத்தாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

1990, 1991ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் நகரிலே, சமய நெறிப்படி பன்றியிறைச்சியை முற்றாக விலக்கிய யூதர் நால்வர் இந்நோயால் வலிப்புற்றனர். வீட்டுப் பணியாளரிடமிருந்து முட்டைகள் உணவிற் கலந்திருக்க வேண்டுமென வைத்தியர் முடிவுசெய்தனர். சமைக்கும் கை செய்யும் இக்கேட்டை மரக்கறி பயிரிடும் கையும் செய்யக்கூடும்.

ஆகவே மனித மலத்தைப் பாத்திகளுக்குப் பசளையாக இடாதீர்கள். முட்டைகள் ஈரமண்ணிலே மாதக்கணக்கில் உயிருடன் கிடக்கும். வல்லாரை, சலாது போன்று பச்சையாக உண்ணப்படும் இலைகளைப் பயிரிடுவோர் இதிற் சிறிதும் தளரலாகாது. சந்தைக்கு அனுப்புமுன் இலைகளை வாய்க்கால் நீரில் அலசும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்நீர் மலத்தால் மாசுற்றதாயின் அலசுவதே கேடாகும். தூய கிணற்று நீரைப் பயன்படுத்துங்கள். கூலியாட்களுக்கும் மலசலகூடமும், கைகழுவச் சவர்க்காரமும் நீரும் இருத்தல் வேண்டும். இச்செலவைத் தோட்டச் செலவோடு சேர்த்தே கணக்கிடுக.

பன்றி வளர்ப்போர் அவற்றை அடைத்து வளர்க்க. மலங்கழிக்கும் இடங்களில் மேய விடற்க. இறைச்சியை உள்ளே செந்நிறம் மாறும்வரை வேகவைத்தே உண்ணுங்கள்.

மலத்தில் நாடாத் துண்டம் போன்றவற்றைக் கண்டால் வைத்தியரிடம் செல்லுங்கள். தாமாகவே மருந்து வாங்கி உட்கொள்ளற்க. மூளையிலும் பைகள் இருப்பின், சில புழு மருந்துகள் அவற்றை அழிக்கும்போது மூளையில் வீக்கம் உண்டாகி ஆபத்து விளையும்.