பூஜை அறையில் கும்பினிக் காசு... அசலா, போலியா?

பௌர்ணமி நாளில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூன்று அம்பிகையரையும் தரிசித்து வருவது சென்னைப் பெண்கள் பலருக்கு வழக்கம். அப்படிப் புறப்பட்ட ராயபுரத்து அம்மாள் ஒருவரை, திருவொற்றியூரில் ஓர் ஆசாமி மெதுவாக அழைத்தான்.

''எண்ணூர் பக்கம் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைச்சதும்மா. கும்பினி காலத்து ராமர் காசு. பூஜையில வெச்சா மகாலட்சுமி வீட்டை விட்டுப் போகமாட்டா!''

செப்புக் காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் 'கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818'. மகளின் கல்யாணத்துக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் எட்டாயிரம் ரூபாய் கைமாறியது.

அந்தக் காசைக் கும்பினி அடிக்கவே இல்லை!

இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரியான கும்பினி அரை அணா வந்தது 1835-ல்தான். அதிலும் கும்பினியின் சின்னம்தான் உண்டு. ராமரோ அனுமனோ கிடையாது. '1616' என்று பொறித்த காசுகளும் உலவுகின்றன. கும்பினியார் இங்கே வந்து இடம் வாங்கியதே 1639-ல்தான் என்பதை நினைத்தால் சிரிப்புதான் வரும்.

'அப்படியானால் கும்பினி சுவாமி உருவமே போட்டதில்லையா?' என்று கேட்பீர்கள். போட்டது! விஷ்ணு இரு தேவியருடன் நிற்கும் தங்க வராகனை, 'மூன்று சுவாமி வராகன்' என்பார்கள். 1807-க்குப் பிறகு வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. சுற்றிலும் தமிழ், தெலுங்கு எழுத்துகள். நம் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் வந்ததே கும்பினியின் நாணயச் சாலையால்தான். இந்த உண்மையின் நிழலில்தான் போலிகள் பிழைக்கின்றன.

பழசு என்றாலே லட்சக்கணக்கில் பெறும் என்பதும் தவறு. சென்னைக்கென இங்கிலாந்தில் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் அந்நாட்டுக் கரையோரமே மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து லட்சக்கணக்கான காசுகளை எடுத்தார்கள். அத்தனையும் அசல். ஆனால், ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவுதான்.

வீட்டிலேயே சில சோதனைகள் செய்யலாம். செம்பு காந்தத்தில் ஒட்டாது. ஃப்ரிட்ஜ் காந்தத்தில் ஒட்டினால், உள்ளே இரும்பு. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், மேலே குமிழ்ப் புள்ளிகளும் இருந்தால், அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்தது. நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஓர் ஓரத்தைத் துடையுங்கள். பச்சைக் களிம்பு பஞ்சில் வந்தால் அது பூசிய சாயம். செம்பில் தானே ஊறிய களிம்பு அத்தனை எளிதில் வராது. அரிசியை இழுக்கிறது என்று யாராவது காட்டினால், அந்த அரிசியைச் சோதியுங்கள். இரும்புத் தூள் கலந்திருப்பார்கள். 'இரிடியம் கலசம்' என்று சொல்லி ஊரை ஏமாற்றுகிறவர்களின் வித்தையும் இதுவே.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பாட்டி காலத்துக் காசு வீட்டில் இருந்தால், புளி போட்டோ பீதாம்பரி போட்டோ தேய்க்க வேண்டாம். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும். சந்தேகம் என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சிக்கூடத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

'மண்ணில் கிடைத்தது' என்பவனிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். அவன் சொன்னது பொய்யென்றால் உங்கள் பணம் போச்சு. நிஜமென்றால், அது அவன் விற்கக் கூடிய பொருளே அல்ல!

ராயபுரத்து அம்மாளின் காசு, ஃப்ரிட்ஜ் காந்தத்தில் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ''ஒரு மாசமா பூ வெச்சு கும்பிட்டுட்டேனே, தூக்கிப் போடறதா?'' என்று கலங்கினார். வேண்டியதில்லை அம்மா. ராமர் உருவம் பொறித்த 'ராம டங்கா' என்னும் வில்லைகளைப் பக்தர்கள் பூஜையில் வைப்பது வெகுகால வழக்கம். அவை ஒருநாளும் செலாவணிக் காசு அல்ல. அப்படி யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அதுபோல இதுவும் படத்தருகே இருக்கட்டும். எட்டாயிரத்துக்குப் போலீஸில் ஒரு புகார் மட்டும் எழுதிக் கொடுங்கள். அடுத்த பௌர்ணமிக்கும் அந்த ஆசாமி அங்கே நிற்பான்.