பகுதி நேரக் கார் துப்புரவு: கட்டணம் நிர்ணயிக்கும் முறை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பொன்முடி மலைக்கு ஏறி இறங்கும் வாகனங்கள் சேறும் பிரேக் தூசியும் படிந்தே திரும்புகின்றனவாதலின், மலையடிவாரத்தில் ஓய்வு நேரத்தில் அவற்றைத் துலக்கித் தர எண்ணுவோர் கீழ்க்கண்டவற்றை அனுசரிப்பது நலம்.

● ஷாம்பூ, மெழுகு, மின்சாரச் செலவோடு உழைப்புக்குரிய ஊதியத்தையும் இயந்திரத் தேய்மானத்தையும் கூட்டுக. உதாரணமாக, பொருள்கள் ரூ.150, மணிக்கு ரூ.150 வீதம் 3 மணி உழைப்பு ரூ.450, தேய்மானம் ரூ.50 எனில், அடக்கம் ரூ.650, அதற்குக் கீழே இறங்குவது நஷ்டமே.

● வண்டியின் அளவுக்கும், வெளிக்கழுவல், உட்புறத் துப்புரவு, மெழுகுப்பூச்சு ஆகியவற்றுக்கும் தனித்தனி விலை வகுத்துப் பலகையில் எழுதுக.

● வளைவுப் பிரயாணத்தில் சகஜமாக நேரும் வாந்திக் கறைக்கு விசேஷக் கட்டணம் உண்டென்பதை வேலை தொடங்குமுன்பே கூறிவிடுக.

● மழையினால் மலைப்பாதை மூடப்படும் நாள்களில் வருமானம் குன்றுமாதலால், உள்ளூர் வாடிக்கையாளருக்குச் சற்றுக் குறைந்த மாதக் கட்டணம் ஏற்படுத்துக.

● ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாக அவசியமில்லை. பதிவு செய்யாதவர் அவ்வரியை வசூலிக்கவும் கூடாது.