மத்லப் போகட்டுமா?

கேள்வி: பொது சுகாதாரம் படிக்கும் என் மகள், களப்பணிக்கு வங்கதேசக் கிராமம் ஒன்றுக்குப் போகிறேன் என்கிறாள். நம் ஊரில் இல்லாத கிராமமா?
– வாசகி, கரூர்

பதில்: கிராமத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லைதான். ஆனால் மத்லப் போன்ற இடங்கள் உலகிலேயே அரிது. டாக்காவுக்குத் தென்கிழக்கே, ஆறுகள் சூழ்ந்த வட்டாரம். காலரா ஆய்வுக்காக 1963இல் அங்கே கள நிலையம் வந்தது. 1966 முதல் வீடுதோறும் பிறப்பு, இறப்பு, ஊர் மாறுவது எல்லாம் பதிவாகின்றன.

அங்கே நடந்த சேலை ஆய்வைக் கேளுங்கள். குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமிகள் பெரும்பாலும் நுண்ணிய மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வடிகட்டினால் போதுமே என்று, குடத்தின் வாயில் பழைய சேலையைப் பல மடிப்பாகப் போட்டுத் தண்ணீர் மொள்ளச் சொன்னார்கள். புதுச் சேலையைவிடப் பழசே மேல். துவைத்துத் துவைத்து நூல் நைந்து, இழைகளின் இடைவெளி சுருங்கியிருக்கும். 65 கிராமங்களில் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது. காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது!

புத்தகம் மட்டும் படித்தவர், ‘கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். விறகுக்கு எங்கே போவது என்பது அந்த அடுப்படியில் நின்றால்தான் உறைக்கும்.

தாராளமாக அனுப்புங்கள். (இரண்டு வாரம் சுற்றிக்காட்டிப் படம் எடுத்து அனுப்புகிறவர்களிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள்.) கிளம்புமுன் கொஞ்சம் வங்காளம் பேசக் கற்றுக்கொள்ளட்டும். நடுவில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு கேட்டால், பிள்ளையின் வயிற்றுப்போக்கைப் பற்றி எந்தத் தாயும் மனம்விட்டுப் பேசமாட்டாள்.